ஏழு வரியில் ஒரு நிரந்தரம்

அவருக்கென்று முறையான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கல்லூரி முழுவதற்கும் அவர் 'ஆகவே' டீச்சர்தான். கரும்பலகையில் முக்கோணமாக மூன்று புள்ளி வைத்து, ஒரு நொடி நிறுத்தி, வகுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆகவே" என்பார். அந்த நொடியில் தூங்குகிறவனும் விழித்துவிடுவான் என்று பெயர். விழித்தவன் மறுபடி தூங்கிவிடுவான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அவர் நடத்தியது தர்க்கம். அதிலும் கூற்றுத் தர்க்கம் என்ற ஒரு பகுதி. வாக்கியங்களுக்குப் பதிலாக பி, கியூ, ஆர் என்று எழுத்துகளைப் போட்டுக்கொண்டு, கொடுத்த எடுகூற்றுகளிலிருந்து, அதாவது மெய் என்று வைத்துக்கொண்ட வாக்கியங்களிலிருந்து, முடிவு வருகிறதா என்று ஒவ்வொரு வரியாக இறங்கிப் பார்ப்பது. பலகையில் இடப்பக்கம் வரி, வலப்பக்கம் அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதற்கான காரணம். விதிகளின் லத்தீன் பெயர்கள் பிள்ளைகளின் வாயில் நுழையாததால் டீச்சரே பெயர் சூட்டியிருந்தார். மழை பெய்தால் தெரு நனையும், மழை பெய்தது, ஆகவே தெரு நனைந்தது என்பது முன்நடை. தெரு நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை என்பது பின்நடை. இரண்டும் ஒரே படிக்கட்டு. ஏறுவதும் இறங்குவதும்தான் வேறு என்பார்.

மழை உண்மையிலேயே பெய்ததா என்று யாராவது ஜன்னல் பக்கம் திரும்பினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. அது வானிலைக்காரர் வேலை, நம் வேலை இல்லை. எடுகூற்று பொய்யாக இருக்கலாம், வாதம் செல்லுமா செல்லாதா என்பதுதான் கேள்வி. பத்தொன்பது ஆண்டுகள் இதைச் சொன்னார். சொன்னதை நம்பவும் செய்தார். ஆசிரியர்களில் இது அபூர்வம்.

வகுப்பறை இரண்டாம் மாடியின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கும், விலங்கியல் துறை தன் பழைய எலும்புக்கூடுகளைப் போட்டு வைத்திருந்த அறைக்கும் நடுவில் இருந்தது. தர்க்கத்துக்கு அதுதான் பொருத்தமான இடம் என்று முதல்வர் ஒரு கூட்டத்தில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். தற்காலிக ஆசிரியர்கள் முதல்வரின் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சிரிக்காத தற்காலிக ஆசிரியர் என்று எவரும் இருந்ததும் இல்லை.

வீட்டிலும் இந்தத் தொழில் வியாதி இருந்தது. கணவர் ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் கீறல் விழும். மழை வந்தா கொடியில இருக்கிற துணியை எடுத்துடு என்று சொல்லிவிட்டு அவர் ஒருநாள் வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது மழையும் இல்லை, கொடியில் துணியும் இல்லை. பாதி ஈரத்தோடு நாற்காலியில் குவிந்து கிடந்தது. மழை வரலையே, ஏன் எடுத்தே என்று கேட்டார். மழை வந்தா எடுன்னு சொன்னீங்க, வரலைன்னா எடுக்காதேன்னு சொல்லலையே என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் மனைவிக்குக் கட்டளை எதுவும் இடுவதில்லை. குடும்பம் அமைதியாக நடந்ததற்குத் தர்க்கத்தின் பங்களிப்பு அவ்வளவுதான்.

டீச்சரின் வேலை ஒவ்வொரு ஆண்டும் செத்துப் பிழைப்பது. ஆண்டின் கடைசி வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு விடுவிப்புக் கடிதம். மறுநாள் காலை பத்து மணிக்குப் புது நியமனக் கடிதம். இரண்டையும் ஒரே எழுத்தர் தட்டச்சு செய்வார், ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே மூச்சில். பத்தொன்பது முறை அவர் இப்படி விடுவிக்கப்பட்டு மாட்டிக்கொண்டார். கல்லூரியின் பணி விதிப் புத்தகத்தில், ஒரே பணியில் முறிவின்றிப் பத்தாண்டு முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை டீச்சர் அறிவார். ஆனால் போய்க் கேட்பது அவருக்கு வராது. சரியான விதி இருந்தால் சரியான முடிவு தானே வரும். வகுப்பில் ஒருநாளும் அது வராமல் போனதில்லை.

அந்த ஆண்டு புது நிர்வாகம் வந்தது. வந்த மூன்றாம் வாரம் ஒரு சுற்றறிக்கை: இந்தப் பருவத்தோடு தற்காலிகப் பணியிடங்கள் எல்லாம் முடிவுக்கு வருகின்றன, நிரந்தரம் கோர உரிமை இருப்பதாகக் கருதுவோர் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். டீச்சருக்கு வயது ஐம்பத்தொன்று. தர்க்கம் என்று ஒரு பாடம் இருக்கிற வேறு கல்லூரி பேருந்து போகும் தூரத்தில் எதுவும் இல்லை. நிரந்தரமானால் இருப்பு, இல்லையென்றால் வீடு. இடையில் மூன்றாவது வழி கிடையாது என்பதைத் தர்க்க ஆசிரியருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலுவலக எழுத்தர் நல்ல மனிதர். கடிதங்களைத் தட்டச்சு செய்த கை என்பதால் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்திருக்கலாம். டீச்சரைக் கூப்பிட்டு, பணிவான விண்ணப்பமாக எழுதச் சொன்னார். குடும்ப நிலைமை, வயது, சேவை எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் கருணை கூர்ந்து என்று முடிக்க வேண்டும். நிர்வாகத் தலைவரை நேரிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

"கெஞ்சுறதா இருக்கே," என்றார் டீச்சர்.

"அழுத பிள்ளைக்குத்தான் பால், டீச்சர்."

"பால் குடிச்ச பிள்ளை அழுதிருக்கும்னுதான் அதுக்கு அர்த்தம். அழுதா பால் வந்தே தீரும்னு அதுல எங்க இருக்கு?"

எழுத்தர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீங்க எழுதறபடியே எழுதுங்க. நான் சீல் வச்சு உள்ள அனுப்பிடறேன்," என்றார். இருபது ஆண்டு அலுவலக வாழ்க்கையில் யாரைக் காப்பாற்ற முடியாது என்று முகத்தைப் பார்த்தே சொல்கிற அளவுக்கு அவர் தேறியிருந்தார்.

டீச்சர் எழுதியது விண்ணப்பம் அல்ல, நிரூபணம். ஏழே வரி. முதல் நான்கும் எடுகூற்றுகள். ஒன்று: பத்தாண்டு முடிந்து, முறிவும் இல்லையென்றால், அவர் நிரந்தரம். இரண்டு: பத்தாண்டு முடிந்தது. மூன்று: முறிவு இருந்தால் புதிதாக நேர்காணல் நடக்கும், இதுவும் விதிப் புத்தகத்தில் உள்ளதுதான். நான்கு: புதிதாக நேர்காணல் எதுவும் நடக்கவில்லை. ஐந்தாம் வரியில் மூன்றையும் நான்கையும் வைத்துப் பின்நடை: ஆகவே முறிவு இல்லை. ஆறில் பத்தாண்டையும் முறிவின்மையையும் சேர்த்தார். ஏழில் முன்நடை: ஆகவே நிரந்தரம். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் காரணம். பக்கத்தில் எழுத்துக்குறிகளில் அதே ஏழு வரி, நிர்வாகத்தில் யாராவது படித்தவர்கள் இருந்தால் உதவட்டும் என்று.

விதிப் புத்தகம் 'நிரந்தரமாக்க வேண்டும்' என்றது. டீச்சர் 'நிரந்தரம்' என்று எழுதினார். புத்தகம் 'நேர்காணல் நடத்த வேண்டும்' என்றது. டீச்சர் 'நடக்கும்' என்று எழுதினார். கூற்றுத் தர்க்கத்தில் ஒரு வாக்கியம் மெய்யாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும். வேண்டும், கூடாது போன்ற ஆசாபாசங்களுக்கு அதில் எழுத்து கிடையாது. சட்டைக் கை குட்டையாக இருந்தால் அதைக் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொள்வதுபோல அவர் மடித்துக்கொண்டார். அதை ஒரு காரியமாக நினைக்கவே இல்லை. எழுதி முடித்துக் கணவரிடம் காட்டினார். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், லென்ஸைப் பார்ப்பதுபோல.

"சுத்தமா இருக்கு," என்றார்.

அன்று ஆகவே டீச்சர் மகிழ்ச்சியாக இருந்தார். நம் காலத்தில் தன் உரிமையைத் தானே ஏழு வரியில் நிரூபித்து வைத்திருக்கிற மனிதர் எத்தனை பேர்?

தாள் உள்ளே போனது. முதல்வர் பார்த்தார், புரியவில்லை. நிர்வாகத் தலைவர் பார்த்தார், இது ஏதோ கேலி என்று நினைத்தார். இரண்டு பேரும் அதைக் கல்லூரியின் சட்ட ஆலோசகருக்கு அனுப்பினார்கள். ஆலோசகர் ஒருவருக்குத்தான் அது புரிந்தது. அவன் டீச்சரின் பழைய மாணவன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு முன்பெஞ்சு என்று பெயர். டீச்சர் வாழ்க்கையில் நூற்றுக்கு நூறு போட்ட ஒரே ஆள். மற்றவர்கள் பதினான்கு வரியில் திணறிய ஒரு கணக்கை அவன் ஒன்பதில் முடித்திருந்தான்; அந்த விடைத்தாளை டீச்சர் மூன்று ஆண்டு மற்ற மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவன் சட்டம் படித்தான். தர்க்கம் படித்தவர்கள் சட்டம் படித்தால் உருப்படுவார்கள் என்று அவனுக்கு யோசனை சொன்னதும் டீச்சர்தான். பதில் எழுதப்போவது முன்பெஞ்சு என்று தெரிந்ததும் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மற்றவர்கள் அதைப் படிக்கக்கூட மாட்டார்கள். இவனுக்குப் படிக்கத் தெரியும்.

தெரிந்தது.

விசாரணை முதல்வர் அறையில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வரும் நிர்வாகத் தலைவரும். பக்கவாட்டில் முன்பெஞ்சு, சற்றுத் தடித்து, கழுத்துப்பட்டையோடு. எழுத்தர் குறிப்பெடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் உள்ளே வந்ததும் முன்பெஞ்சு எழுந்து நின்றான். பழக்கதோஷம். நிர்வாகத் தலைவர் திரும்பிப் பார்த்ததும் நாற்காலியைச் சரிசெய்ய எழுந்தவன்போல அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அவன் பதில் அரைப் பக்கம். டீச்சரின் முதல் எடுகூற்றை நிர்வாகம் ஏற்கிறது என்று தொடங்கியது. பத்தாண்டு முடிந்து முறிவும் இல்லையென்றால் அவர் நிரந்தரம், சரி. ஆனால் அவர் நிரந்தரம் இல்லை. பணியாளர் பதிவேட்டில் அப்படி இல்லை, அவரே அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். ஆகவே, பின்நடையின்படி, பத்தாண்டும் முறிவின்மையும் சேர்ந்து இருந்திருக்க முடியாது. இரண்டில் ஒன்று இல்லை. பத்தாண்டு முடிந்தது என்பது அவருடைய இரண்டாம் எடுகூற்று. அதையும் நிர்வாகம் மகிழ்ச்சியோடு ஏற்கிறது. ஆகவே முறிவு இருந்திருக்கிறது.

அத்தோடு விடவில்லை. முறிவு இருந்திருக்கிறது, நேர்காணல் நடக்கவில்லை என்று அவரே நான்காம் வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே முறிவு இருந்தால் நேர்காணல் நடக்கும் என்ற அவருடைய மூன்றாம் எடுகூற்று பொய். நேர்காணல் நடத்தத் தவறியது நடைமுறைக் குறை. நிர்வாகம் அதற்காக வருந்துகிறது. அந்தக் குறையினால் மேற்படி நியமனங்கள் பத்தொன்பதும் ஒழுங்கற்றவை என்பதையும் நிர்வாகம் வருத்தத்தோடு கவனிக்கிறது.

வலப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருந்தது. முன்நடை, பின்நடை என்று டீச்சர் வைத்த பெயர்களையே போட்டிருந்தான். உலகத்தில் வேறு எவரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை.

டீச்சர் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். விடைத்தாள் திருத்துகிற வேகம். கை தன்பாட்டுக்குச் சிவப்புப் பேனாவைத் தேடியது. தவறான வரி ஒன்றும் அகப்படவில்லை.

முதல்வருக்குச் சங்கடம். இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லக்கூடிய நிபுணர் கல்லூரியிலேயே ஒருவர்தான், அவர் எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி லேசாகச் சிரித்தார். இந்த முறை டீச்சர் சிரிக்கவில்லை. நிர்வாகத் தலைவர் நேரத்தைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். இவர் எழுதியிருக்கிற வாதம் செல்லுமா, செல்லாதா?" என்றார் முதல்வர்.

அந்த நிமிடத்தில்தான் டீச்சருக்குத் தெரிந்தது. கோளாறு அவன் தாளில் இல்லை, தன் தாளில், முதல் வரியில். விதி கல்லூரிக்கு ஒரு கடமையைச் சொன்னது. அவர் அந்தக் கடமையைச் செய்தியாக மாற்றி எழுதியிருந்தார். கடமை நிறைவேறவில்லை என்றால் கல்லூரி தவறு செய்தது என்று பொருள். செய்தி நடக்கவில்லை என்றால் டீச்சருக்குத் தகுதி இல்லை என்று பொருள். முன்பெஞ்சு அந்த ஒரு மடிப்பில் விரலை விட்டுச் சட்டையை முழுவதுமாகப் பிரித்துவிட்டான். அதை அவர் சொல்லியிருக்கலாம். என் முதல் வரி தவறு, திருத்தி எழுத ஒருநாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார்களோ மாட்டார்களோ, கேட்டிருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை. வாதம் செல்லுமா என்று கேட்டார்கள். எடுகூற்று மெய்யா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று பத்தொன்பது ஆண்டு சொன்ன வாய் அது.

"செல்லும்," என்றார்.

எழுத்தர் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நிறுத்தினார். டீச்சர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். நிர்வாகத் தலைவர், "எழுதிக்குங்க," என்றார். பிறகு அந்தப் பதில் தாளிலேயே 'செல்லும்' என்று எழுதி டீச்சரைக் கையெழுத்திடச் சொன்னார்கள், நிபுணர் என்ற முறையில். அவர் போட்டார். அந்தக் கல்லூரியில் அவருடைய கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

முன்பெஞ்சு படிக்கட்டில் பின்னால் ஓடிவந்தான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. என் வேலை அது."

"தப்பு இருந்தாத்தானே எடுத்துக்க."

"நீங்க மொதல் வரிய அப்படி எழுதலைன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது மேடம். ஏன் அப்படி எழுதினீங்கன்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சு."

"பார்த்தப்பவே தெரிஞ்சுதா?"

"பார்த்தவுடனே தெரிஞ்சுது."

"ஒரு போன் போட்டிருக்கலாமே."

அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். "நான் அந்தப் பக்கம் மேடம்," என்றான். டீச்சர் தலையசைத்தார். பதில் செல்லும்படியாகத்தான் இருந்தது.

வீட்டில் கணவர் முழுக் கதையும் கேட்டார். கேட்டு முடித்து, தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"கண் டாக்டர் லென்ஸ் நம்பரைத் தப்பா எழுதிக் குடுத்தா, நான் எவ்வளவு நல்லாத் தேய்ச்சாலும் போட்டவன் படியில விழுவான்," என்றார். "நல்லாத் தேய்ச்சிருக்குன்னு அவன்கிட்ட சொல்லவா முடியும்?"

"இத்தனை வருஷத்துல இதை ஏன் ஒருநாளும் சொல்லலை?"

"நீ கேக்கலையே. கேக்காத கேள்விக்கு இந்த வீட்ல யாரு பதில் சொல்வா?"

அன்று மாலை டீச்சர் ஒரு புதுத் தாளில் முதல் வரியைத் திருத்தி எழுதினார். பத்தாண்டு முடிந்து முறிவும் இல்லையென்றால், கல்லூரி அவரை நிரந்தரமாக்க வேண்டும். மூன்றாம் வரியில் இன்னும் சிக்கல். நேர்காணல் நடத்த வேண்டும் என்று இருந்தால், நடத்தாததிலிருந்து முறிவு இல்லை என்று பின்நடை போட முடியாது. அவர்கள் வேண்டியதைச் செய்கிறவர்கள் என்று எங்கே இருக்கிறது? அந்த வரியை அடித்துவிட்டு, கடிதங்களின் தேதிகளை நேரடியாகவே போட்டார்: மாலை ஐந்து மணிக்கு விடுவிப்பு, மறுநாள் பத்து மணிக்கு நியமனம், நடுவில் தூக்கம் மட்டும். ஆகவே முறிவு இல்லை. ஆகவே நிரந்தரமாக்க வேண்டும். அங்கே வந்து பேனா நின்றது. 'வேண்டும்' என்பதிலிருந்து 'ஆயிற்று' என்பதற்குப் போக அவரிடம் விதி இல்லை. யாரிடமும் இல்லை. அந்த இடைவெளியைத் தாண்ட மனிதர்கள் நிர்வாகத் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். பதினைந்து நாள் அவகாசம் முந்தின வாரமே முடிந்திருந்தது.

பருவம் முடிந்ததும் விடுவிப்புக் கடிதம் வந்தது. மறுநாள் பத்து மணிக்கு எதுவும் வரவில்லை. முறிவு என்றால் என்ன என்று இருபதாவது ஆண்டில் கல்லூரி அவருக்குக் காட்டியது.

கணவரின் முதலாளி கடையின் முன்பக்கத்தில் ஒரு ஆள் தேவை என்றார். டீச்சர் போனார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்வது வேலை. தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்கிறவர்களிடம் கண்டிப்பாக இருந்தார். தெரியுதா, தோணுதா என்று கேட்பார். கடைக்கு அதனால் நல்ல பெயர்.

சில மாதம் கழித்துப் பழைய கல்லூரியின் மாணவி ஒருத்தி கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தாள். டீச்சர் போன பிறகு சேர்ந்தவள். மடியில் நோட்டு, திறந்த பக்கத்தில் வலப்பக்கம் காரணங்கள். தர்க்கப் பாடத்தை நிறுத்திவிடவில்லையா என்று டீச்சர் கேட்டார். வாரத்தில் ஒருநாள் சட்ட ஆலோசகர் சார் வந்து எடுக்கிறார் என்றாள், ரொம்ப நன்றாக எடுப்பார்.

"பின்நடைன்னு ஒரு விதி இருக்கு ஆன்ட்டி. அதுக்கு சார் ஒரு உதாரணம் சொன்னார், மறக்கவே மறக்காது. ஒரு டீச்சர் தான் பர்மனென்ட்டுன்னு தானே நிரூபிச்சு எழுதிக் குடுத்தாங்களாம். அதை வச்சே அவங்க பர்மனென்ட் இல்லைன்னு காலேஜ்ல நிரூபிச்சுட்டாங்களாம். வகுப்பே சிரிச்சுச்சு."

டீச்சர் முதல் எடுகூற்று என்னவென்று கேட்டார். பெண் நோட்டைப் புரட்டிப் படித்தாள். பத்தாண்டு முடிந்து, முறிவும் இல்லையென்றால், அவர் நிரந்தரம். எழுத்துக்கு எழுத்து அதே வரி. திருத்தப்படவில்லை.

"அந்த டீச்சர் யாரோ, பாவம்," என்றாள் பெண். "அவ்வளவு தெரிஞ்சவங்க, போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத் தெரியாதவங்க. அதான் நிரூபிச்சிருக்காங்க," என்றார் டீச்சர். பிறகு அவளுடைய இடது கண்ணை மூடச் சொல்லி, மேல் வரியிலிருந்து படிக்கச் சொன்னார்.